பட்டாளத்துப் பதில்கள்: ஒன்பது, இருபது, முப்பது

ஜனவரி 15 ராணுவ தினம். 1949-ல் அந்த நாளில்தான் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். வீரப் பதக்கங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சினிமாவும் எடுத்துவிட்டார்கள். நீண்ட சேவைப் பதக்கத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. வாசகர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். தபால்பை கனக்கிறது.

கே: என் அப்பா 1990-ல் சேர்ந்து 2014-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். "நான் ஒரு சண்டையும் போடலை" என்று அவரே சொல்வார். ஆனால் குடியரசு தினத்தன்று கோட்டில் ஆறு மெடல் தொங்குகிறது. ஊரில் கிண்டல் செய்கிறார்கள்.
*– ஒரு மகள், வேலூர்*

ப: கிண்டல் செய்பவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள், கணக்குச் சொல்கிறேன். 9 வருஷ சேவைக்கு ஒன்று, 20 வருஷத்துக்கு ஒன்று. சுதந்திரப் பொன்விழாவான 1997-ல் பணியில் இருந்ததற்கு ஒன்று. ஜம்மு காஷ்மீர், இமயமலை, அந்தமான் மாதிரி இடங்களில் காலம் தள்ளியதற்கு சைன்ய சேவா மெடல். 9,000 அடிக்கு மேலே 180 நாள் மூச்சு வாங்கியதற்கு உயர்மலைச் சேவை மெடல். ஆறாவது, அநேகமாக 'ஆபரேஷன் பராக்ரம்' மெடல். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படை முழுக்க எல்லைக்கு நகர்ந்தது. கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டு, டிரிக்கரில் விரலை வைத்துக்கொண்டு பத்து மாதம் காத்திருந்தார்கள். போர் வரவில்லை. வராமல் போனதில் உங்கள் அப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கிண்டல் செய்தவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, காபி கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கே: வேலை பார்த்ததற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அப்புறம் 'இருந்தார்' என்பதற்காக ஒரு பதக்கமா?
*– வரி கட்டும் வாசகர், ஈரோடு*

ப: நாற்காலியில் இருபது வருஷம் இருந்தவருக்கு மெடல் கொடுத்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். இங்கே நாற்காலியே கிடையாது.

கே: வீரப் பதக்கமா, நீண்ட சேவைப் பதக்கமா? எது உசத்தி?
*– கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

ப: வரிசைப்படி பரம் வீர் சக்ராதான் தலைமேல். நாடு சுதந்திரம் அடைந்ததிலிருந்து மொத்தமே 21 பேர். நீண்ட சேவைப் பதக்கம் வரிசையின் கடைசிப் பகுதியில் நிற்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்தபோது, இரவில் நடந்த பதுங்கித் தாக்குதலில் நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுவிட்டு உயிர்விட்டார். பரம் வீர் சக்ரா. எல்லாரும் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறோம். அவர் அதிகாரியானது 1972-ல். அந்த இரவுக்கு முன்னால் பதினைந்து வருஷத்து விடிகாலைகள் இருந்தன: பி.டி., பரேடு, ரைபிள் சுத்தம், ரோல்கால். வீரம் திடீரென்று வருவதுபோலத் தெரியும். அதற்கான பயிற்சி மட்டும் திடீரென்று வருவதில்லை.

கே: தாத்தா 1971 போரில் டாக்கா வரை போனதாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் எதிரிகளின் எண்ணிக்கை கூடுகிறது. நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*– பேரன், தேனி*

ப: தாத்தாவின் வாயைப் பார்க்காதீர்கள், மார்பைப் பாருங்கள். பழைய சிப்பாயின் ரிப்பன் வரிசை சுருக்கமான சுயசரிதை. 1971-ல் பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் சங்கிராம் மெடல் கிடைத்தது. கிழக்குப் போர்முனையில் இருந்திருந்தால் அதோடு பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்திருந்தால் பஸ்சிமி ஸ்டார். இதே கதை 1965-க்கும் உண்டு: பொதுவாக ரக்ஷா மெடல், களத்தில் நின்றவருக்கு சமர் சேவா ஸ்டார். கார்கில் என்றால் ஆப் விஜய் மெடல், ஆப் விஜய் ஸ்டார். ஆகவே தாத்தாவின் டிரங்குப்பெட்டியில் பூர்வி ஸ்டார் இருந்தால் டாக்கா கதையை மரியாதையாகக் கேளுங்கள். சங்கிராம் மெடல் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கேளுங்கள். அந்த நேரத்தில் வேறொரு எல்லையிலோ டிப்போவிலோ யாராவது இருந்தாக வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

கே: இந்த வழக்கத்தை வெள்ளைக்காரன்தானே ஆரம்பித்தான்?
*– வரலாற்று ஆசிரியை, தஞ்சாவூர்*

ப: ஆமாம். 1830-ல் நான்காம் வில்லியம் மன்னர். பெயர் 'நீண்ட சேவை, நன்னடத்தைப் பதக்கம்'. காலாட்படைக்கு 21 வருஷம், குதிரைப்படைக்கு 24 வருஷம். 1870-ல் அது 18 ஆனது, 1977-ல் 15 ஆனது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2016 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் நேரடியாக அதிகாரியாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பதக்கம் கிடையாது. அதிகாரி என்றாலே நன்னடத்தைதான், அதை வேறு தனியாகப் பாராட்டுவானேன் என்ற எண்ணம். சிப்பாய்கள் பதிலுக்கு அந்தப் பதக்கத்துக்கே ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள்: 'பதினைந்து வருஷம் மாட்டிக்கொள்ளாமல் செய்த குற்றங்களுக்கான பதக்கம்'!

கே: அப்போது நம்ம ஊர் சிப்பாய்களுக்கு?
*– அதே ஆசிரியை*

ப: இரண்டாவது கேள்விக்கும் இடம் உண்டு, டீச்சர். கிழக்கிந்தியக் கம்பெனி 1837-ல் 'ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' என்ற விருதை ஆரம்பித்தது. நெடுங்காலம் விசுவாசமாக உழைத்த இந்திய அதிகாரிகளுக்கானது. முதல் வகுப்புக்கு 'சர்தார் பகதூர்' பட்டம், தினம் இரண்டு ரூபாய் கூடுதல். இரண்டாம் வகுப்புக்கு 'பகதூர்', தினம் ஒரு ரூபாய். சாதாரண சிப்பாய்க்கான நீண்ட சேவைப் பதக்கம் இந்தியப் படைக்கு வந்தது 1888-ல். கம்பெனிக்காரன் வியாபாரி. விசுவாசத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கே: இப்போது எவ்வளவு கொடுக்கிறார்கள்?
*– நேராக விஷயத்துக்கு வரும் வாசகர், சிவகாசி*

ப: வீர விருதுகளுக்கு மாதப் படி உண்டு, மாநில அரசுகள் ரொக்கமும் தருகின்றன. ஒன்பது, இருபது, முப்பது வருஷப் பதக்கங்களுக்கு மாதப் படி கிடையாது. அடகுக்கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், பழைய சில்லறைக் காசின் சாதி. கடைக்காரர் எடை போடுவதற்கு முன்பே கையைக் கூப்பிவிடுவார்.

கே: என் தம்பிக்கு 20 வருஷ மெடல் இருக்கிறது, நன்னடத்தை மெடல் இல்லை. அவன் நடத்தையில் ஏதாவது கோளாறா?
*– கவலைப்படும் அக்கா, விருதுநகர்*

ப: கவலையை விடுங்கள் அக்கா. நம் படையில் இரண்டும் வேறு வேறு. ஒன்பதும் இருபதும் முப்பதும் சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லா ரேங்குக்கும் பொது. நன்னடத்தைப் பதக்கம் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது. ஹவில்தார்களுக்கு 'மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடல்', அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு 'நீண்ட சேவை, நன்னடத்தை மெடல்'. எண்ணிக்கை அளவானது. தகுதி இருந்தும் வரிசையில் நின்றே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

நடத்தையை அளக்கிற கருவி சிவப்பு மை. தண்டனை என்றால் ரெட் இங்க் என்ட்ரி. நான்கு சேர்ந்தால் வீட்டுக்கே அனுப்ப வழி உண்டு. பெரிய குற்றம் எல்லாம் செய்திருக்க வேண்டியதில்லை. லீவுக்கு வந்த இடத்தில் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள், அம்மா "ரெண்டு நாள் இருந்துட்டுப் போடா" என்றாள், சென்ட்ரலில் ரயில் அவன் இல்லாமலே கிளம்பியது. ராணுவச் சட்டம் 39-வது பிரிவு பெண் பார்த்த விஷயத்தையெல்லாம் கேட்பதில்லை. தம்பியின் டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து 'கேரக்டர்' என்ற இடத்தைப் பாருங்கள். 'எக்ஸம்ப்ளரி' என்று இருந்தால் அதுவே மெடல்தான். அதற்கு மேல் அக்காவுக்குச் சான்றிதழ் தேவையில்லை.

கே: அவருக்கு இருபது வருஷ மெடல் கொடுத்துவிட்டார்கள். எனக்கு?
*– ஒரு நாயக்கின் மனைவி, ராமநாதபுரம்*

ப: இந்த வாரத்தின் கனமான கேள்வி. கணக்காகவே பார்ப்போம். ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. முழுசாகக் கிடைத்தால் 90 நாள். மிச்சம் 275. இருபது வருஷத்துக்கு 5,500 நாள், அதாவது பதினைந்து வருஷம். நடுவில் பீஸ் ஸ்டேஷன் போஸ்டிங் வந்து, குவார்ட்டர்ஸ் காலியாக இருந்து, சீனியாரிட்டியில் உங்கள் முறையும் வந்திருந்தால் அதில் இரண்டு மூன்று வருஷத்தைக் கழிக்கலாம். மிச்ச நாளில் கேஸ் சிலிண்டர், பிள்ளையின் அட்மிஷன், மாமியாரின் கண் ஆபரேஷன், பக்கத்து வயல்காரனின் வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் கம்பெனி கமாண்டர். பதக்க விதிகளில் மனைவி என்ற சொல்லே கிடையாது. விதியை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. அவர் லீவில் வரும்போது வரப்புத் தகராறை அவர் தலையில் கட்டும் அதிகாரம் உங்களுக்கு முழுசாக இருக்கிறது.

கே: எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்தார். ஆனால் 30 வருஷ மெடலைப் பார்த்தவர்கள் சொற்பம். ஏன்?
*– வாசகர், கம்மவான்பேட்டை*

ப: 'ராணுவப்பேட்டை' என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து வரும் கேள்விக்குக் கவனமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். படையில் ரேங்குதான் சர்வீஸை நிர்ணயிக்கும். பதவி உயர்வு இல்லாத சிப்பாய் இருபது வருஷத்தை ஒட்டியே பெட்டியைக் கட்டிவிடுகிறார். ஹவில்தாருக்கு நீட்டிப்பையும் சேர்த்து 26, சுபேதாருக்கு 30, சுபேதார் மேஜருக்கு 34. ஒரு பட்டாலியனில் சுமார் 800 பேர் இருப்பார்கள். சுபேதார் மேஜர் ஒரே ஒருவர். ஆகவே சிப்பாயாகச் சேர்ந்தவர் மார்பில் 30 வருஷ மெடல் இருந்தால், அவர் வெறுமனே காலம் தள்ளியவர் அல்ல. ஒவ்வொரு படியிலும் மற்றவர்கள் இறங்கிப் போக, ஏறி வந்தவர். சொற்பமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பென்ஷனுக்கு 15 வருஷம் போதும் என்பதால், சொந்த ஊர் நினைப்பு வந்தவுடன் கிளம்பி வருபவர்களும் உண்டு.

கே: நாற்பது வயதில் ரிடையர் ஆகி ஏ.டி.எம். வாசலில் உட்காரவா இத்தனை வருஷம்?
*– முன்னாள் நாயக், சேலம்*

ப: கோபம் நியாயமானது. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது அப்பா 'ஓய்வு' பெறுகிற வேலை இது ஒன்றுதான். பொதுத்துறை வங்கிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு குரூப் சி-யில் 14.5 சதவீதமும், குரூப் டி-யில் 24.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ இருக்கிறது. ஆனால் ரேடார் பழுது பார்த்தவரையும் பாலம் கட்டியவரையும் நாம் பார்த்தவுடனே கேட்கிற கேள்வி "செக்யூரிட்டி வேலைக்கு வர்றீங்களா?" என்பதுதான். படை அவருக்குப் பதினைந்து தொழில் கற்றுக்கொடுத்தது. நமக்குத் தெரிந்தது வாசல் ஒன்றுதான்.

கே: மெடலை விட கேன்டீன் கார்டைத்தான் ஊரில் மதிக்கிறார்கள். உண்மையா?
*– உள்ளூர் நிலவரம் அறிந்தவர், புதுக்கோட்டை*

ப: மெடல் வாங்க இருபது வருஷம். கார்டு இருப்பது தெரிந்ததும் நண்பர்கள் சேர இருபது நிமிஷம்.

கே: கன்டோன்மென்ட் பக்கம் கடையில் எல்லா மெடலும் விற்கிறார்களாமே? நான்கூட வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
*– ஆசைப்படும் வாசகர், கோயம்புத்தூர்*

ப: விற்பது உண்மை. தகுதி பெற்றும் அசல் மெடல் கைக்கு வர வருஷக்கணக்கில் காத்திருந்த வீரர்கள், பரேடுக்கு நகல் வாங்கிக் குத்திக்கொண்டு போனதும் உண்மை. அசல் கல்கத்தா அலிப்பூர் நாணயச்சாலைப் பக்கமிருந்து வரும். அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: ராணுவ எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். உங்களுக்கு அந்த எண் கிடையாது. கடைக்காரர் காசை வாங்கிக்கொள்வார். ஆனால் முதல் கல்யாண வீட்டிலேயே ஒரு முன்னாள் சுபேதார் உங்களைத் தனியே அழைத்து "எந்த யூனிட் தம்பி?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்தக் கடையிலும் நகல் கிடையாது.

கே: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய பதக்கங்களை நான் அணியலாமா?
*– ஒரு மகன், கன்னியாகுமரி*

ப: இடது மார்பு சம்பாதித்தவருக்கு. நாட்டுக்காக உயிரிழந்தவரின் நெருங்கிய குடும்பத்தார், போர் நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தும்போது வலது பக்கம் அணிய அனுமதி உண்டு. மற்றபடி ஒரு கண்ணாடிச் சட்டத்தில் வரிசை மாறாமல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஊரும் வருஷமும் எழுதுங்கள். அப்பா இருக்கும்போது கேட்காமல் விட்ட கேள்விகளுக்குப் பாதி பதில் அதிலேயே கிடைக்கும்.

கே: தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மட்டும்தானா?
*– ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் இளைஞர், திருவண்ணாமலை*

ப: மெட்ராஸ் ரெஜிமெண்ட் மூத்த வீடு. 1758-லிருந்து வேர் பிடித்தது, மையம் நீலகிரி வெலிங்டனில். 'வீர மதராஸி, அடி கொல்லு' என்பதுதான் போர் முழக்கம். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780 காலத்துப் பொறியாளர் படை. அங்கே சிப்பாய்க்குப் பெயரே 'தம்பி'தான். ஆனால் பரமேஸ்வரன் மஹார் ரெஜிமெண்ட். கார்கிலில் உயிர் நீத்த திருச்சி மேஜர் சரவணன் பீகார் ரெஜிமெண்ட். மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமெண்ட்டிலிருந்து ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்குப் போனவர். எந்தக் கதவு திறந்தாலும் நுழையுங்கள். உள்ளே லங்கரில் ரொட்டிதான், இட்லிக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி மெடல் இன்னும் வரவில்லை.

கே: ஓய்வே பெறாத ராணுவ வீரர் யாராவது உண்டா?
*– வாசகி, குன்னூர்*

ப: உங்கள் ஊரிலேயே இருந்தாரே! பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. மானெக்‌ஷா டேராடூன் அகாடமியின் முதல் அணியில் பயின்றவர், 1973-ல் பீல்டு மார்ஷல் ஆனார். அப்புறம் குன்னூரில் குடியேறி, 2008 ஜூன் 27-ல் 94 வயதில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகும் வரை விதிப்படி பணியில்தான் இருந்தார். அந்தக் கணக்குக்கு மெடல் அடிக்க அச்சே கிடையாது.

கே: 'ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்' போராட்டத்தில் பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியது சரியா?
*– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாமக்கல்*

ப: 2009-ல் முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கான பதக்கங்களோடு கிளம்பினார்கள். 2015-ல் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்த செப்டம்பரில் அறிவிப்பு வந்து, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பணியில் இருக்கும்வரை வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லாதவர்கள். சங்கம் வைக்கவும் முடியாது. வெளியே வந்த பிறகு அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே கோஷம் அந்தப் பதக்கம்தான். விலையே இல்லாத உலோகத்துக்கு அன்றைக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதை டெல்லி தெரிந்துகொண்டது.

கே: என் மகன் அக்னிவீரர். அவனுக்கு எப்போது நீண்ட சேவைப் பதக்கம் கிடைக்கும்?
*– ஒரு தாய், திருப்பத்தூர்*

ப: அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேவை நான்கு வருஷம். அதிகபட்சம் நான்கில் ஒருவரை வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்டால் இன்னும் 15 வருஷம். அப்போது 9 வருஷ மெடல் நிச்சயம், 20-ம் எட்டும் தூரத்தில். மற்ற மூவர் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியோடு திரும்புவார்கள். பென்ஷன் கிடையாது. முதல் மெடலுக்கான பாதித் தூரம்கூட முடிந்திருக்காது.

படையின் சராசரி வயதை 32-லிருந்து 26-க்குக் கொண்டுவருவது நோக்கம் என்கிறது அரசு. பென்ஷன் செலவும் பெரிய பாரம்தான். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீண்ட சேவைப் பதக்கம் என்பது சிப்பாய்க்கும் படைக்கும் நடந்த பேச்சுவார்த்தையின் ரசீது: நீ இருந்தால் நாங்களும் இருப்போம். நான்கு வருஷ ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சு முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் மகன் நான்கில் ஒருவராக வரட்டும். மற்ற மூவருக்கும் என்ன கொடுப்பது என்று டெல்லிதான் யோசிக்க வேண்டும். மெடல் என்று நான் சொல்லவில்லை, முதலில் வேலை.

கே: என் வீட்டுக்காரி மெடலைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபள என்று இருக்கிறது. நல்லதுதானே?
*– முன்னாள் ஹவில்தார், மதுரை*

ப: குத்துவிளக்குக்கு நல்லது ஹவில்தார் சாப், மெடலுக்கு இல்லை. இப்படி நாலு ஆடிவெள்ளி போனால் விளிம்பில் உங்கள் நம்பர் தேய்ந்து, கடை மெடல் ஆகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். தைரியம் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: எனக்கும் மெடல் வேண்டும். என்ன செய்ய வேண்டும்?
*– ஐந்தாம் வகுப்பு மாணவன், உடுமலைப்பேட்டை*

ப: உன் ஊர்ப் பக்கத்திலேயே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது, தம்பி. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். உன் வகுப்புப் பெண்களையும் கூட்டிக்கொள், அவர்களுக்கும் இப்போது இடம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஒத்திகை: நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு, அம்மா எழுப்பாமல் எழுந்து போர்வையை மடித்து வை. மறுநாளும் அதே. மழை பெய்தாலும் அதே, பரீட்சை முடிந்த மறுநாளும் அதே. ஒரு மாதம் முடிந்ததும் எனக்கு எழுது. மிச்சம் எட்டு வருஷம் பதினொரு மாதத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.